ஞாயிற்றுக்கிழமை அச்சடித்த பேய்

"விக்!"

மேஜை மேல் உட்கார்ந்திருந்த நீர்யானைக்கு விக்கல் வந்தது. பொம்மைத் தொழிற்சாலையின் முதலாளியம்மா அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நின்றது.

"இது ஒண்ணுதான் மிச்சம்," என்றார். "தும்முற முதலை, கொட்டாவி விடுற கரடி, குறட்டை விடுற ஆமை... மத்த பொம்மையோட படமெல்லாம் டிசைன் ரூம் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு. காலையில திறந்து பாத்தா கழுவிக் கவுத்த பாத்திரம் மாதிரி இருக்கு. நாலு மணிக்கு வாங்குறவங்க வர்றாங்க. அவங்க இந்தப் படங்களைப் பாத்து ஆர்டர் குடுத்தாத்தான் அடுத்த வருஷம் இந்த மெஷினெல்லாம் ஓடும். அறுபது பேர் இங்க வேலை பாக்குறாங்க."

"வேற எங்கேயும் நகல் இல்லையா?" என்று கேட்டாள் சல்லடை.

"வைக்க விடலை. நான்தான் விடலை. படம் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன்."

"வீட்டைப் பூட்டி, சாவியையும் உள்ளேயே வச்சுட்டீங்க," என்றான் டமாரம்.

சல்லடை அவன் காலை மேஜைக்கு அடியில் மிதித்தாள்.

பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈட்டு விண்ணப்பங்களைச் சலித்துச் சலித்து நிஜத்தையும் புளுகையும் பிரித்தவள் அவள். பெயர் அப்படித்தான் ஒட்டியது. அந்த வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது கூடவே வந்து ஒட்டிக்கொண்டவன் கணவனின் தம்பி. அவன் காதில் ஒரு ரகசியம் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஊரே பேசும் என்பதால் குடும்பம் அவனுக்கு டமாரம் என்று பெயர் வைத்திருந்தது. துப்பறியும் தொழிலுக்குத் தன்னைவிடப் பொருந்தாத ஆள் கிடைக்கமாட்டான் என்பது அவனுக்கே தெரியும். அண்ணியின் யோசனை வேறு. "நீ பாட்டுக்குப் பேசிட்டே இரு. எல்லாரும் உன்னைப் பாப்பாங்க. நான் மத்ததைப் பாத்துக்குறேன்."

"யார் மேல சந்தேகம்?" என்றாள் சல்லடை.

"சந்தேகமெல்லாம் இல்லை. என் மாப்பிள்ளைதான். டிசைனர் அவர். அந்த ரூம் சாவி ரிசப்ஷன்ல எல்லாருக்கும் தெரியத்தான் தொங்கும். ஆனா பாஸ்வேர்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும். எதிர்த் தெரு கம்பெனிக்காரன் ரெண்டு மாசமா அவரைக் கூப்பிட்டுட்டே இருக்கான். படத்தை அங்கே குடுத்துட்டு இங்கே துடைச்சுட்டார்." முதலாளியம்மா நீர்யானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "போன ஞாயித்துக்கிழமை வெளியூர்க் கண்காட்சியில காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் என் பையைத் தூக்கிக்கிட்டு என் பின்னாலேயே வந்தாருங்க. நாலு மணிக்குள்ள உண்மை தெரியலைன்னா போலீஸ்தான். என் பொண்ணுகிட்ட என்ன சொல்லுவேன்னு தெரியலை."

"பொண்ணும் இங்கேதான் வேலையா?"

"ரிசப்ஷன்ல. உங்களுக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாளே, அவதான். தொழில்ல அவளுக்குப் புத்தி ஓடாது. வேற எங்கே உக்கார வைக்கிறது?"

டமாரம் சட்டைப் பையிலிருந்த அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தான். பார்வையாளர்கள் இருவர் என்று பென்சிலால் எழுதியிருந்தது. ஓரத்தில், வாசலிலேயே அவன் உளறிய பெயர்களுக்கு ஏற்ப, கண்ணும் மூக்கும் வைத்த ஒரு குட்டிச் சல்லடை, பக்கத்தில் வாய் பிளந்த ஒரு டமாரம். காலையில் அதைப் பார்த்தே அவனுக்கு அரைமணி நேரம் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணி அதை அவன் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளையை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் பஞ்சு முயல்கள், இடுப்பளவுக்கு. நடுவில் அவன் தலை மட்டும் தெரிந்தது.

"நான் துடைக்கலை மேடம்," என்றான் எடுத்த எடுப்பிலேயே.

"நீங்க எப்ப வரைவீங்க தம்பி?"

"ஞாயித்துக்கிழமை. வீட்லேருந்து."

"படம் வெளியே போகக் கூடாதே?"

"போகாது மேடம். படம் இங்கேயே இருக்கும். வீட்டு லேப்டாப்லேருந்து இங்கே இருக்கிற கம்ப்யூட்டருக்குள்ளே வந்து வரையுறது. இதோட திரை அங்கே தெரியும், அவ்வளவுதான். பிரிண்ட் குடுத்தாக்கூட இங்கேதான் வரும்."

"அதுக்குன்னு தனியா ஏதாவது ஆப் போட்டீங்களா?"

"இல்லை. வெளி ஆப் எதையும் அத்தை போட விடமாட்டாங்க. விண்டோஸிலேயே இருக்கே, ரிமோட் டெஸ்க்டாப், அது மட்டும்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற வழியே இல்லையா?"

"சத்தியமா இல்லை மேடம்."

டமாரம் நோட்டையும் பேனாவையும் நீட்டினான். "சார், ஞாபகார்த்தமா ஒரு சின்ன ஆமை போட்டுக் குடுங்களேன். நாளைக்கு நீங்க ஜெயிலுக்குப் போனாலும் விலை ஏறும்."

மாப்பிள்ளை இரண்டு கையையும் முயல்களுக்குள் புதைத்துக்கொண்டான். "இப்ப மூட் இல்லை சார்."

வெளியே வந்ததும் சல்லடை கேட்டாள். "அவர் விரலைப் பாத்தியா?"

"பயத்துல நடுங்குது."

"கத்திக் கீறல். கட்டை விரல்ல ஒரு சூடு. பென்சில் பிடிக்கிறவங்களுக்கு எங்கேடா சூடு படும்?"

டிசைன் அறையில் ஒரு மேஜை, ஒரு பிரிண்டர், ஒரு கறுப்புப் பெட்டி. சல்லடை கம்ப்யூட்டரைப் போட்டாள். பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் திறந்தது. திரையில் படமும் இல்லை, பைலும் இல்லை.

"விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேத்து அமுக்கு. வின்வெர்னு அடி. எந்த ரக விண்டோஸ்னு சொல்லும்."

டமாரம் அடித்தான். சின்னதாக ஒரு பலகை எழுந்து வந்தது. "விண்டோஸ் 11 ஹோம்னு போட்டிருக்கு. அதுக்கென்ன அண்ணி?"

"ஹோம்னு ஒரு ரகம், ப்ரோன்னு ஒரு ரகம். பாக்க ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. ஹோம்ல உக்காந்துக்கிட்டு அந்த ரிமோட் டெஸ்க்டாப்ல அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள்ளே போகலாம். ஆனா ஹோமுக்குள்ளே வெளியாள் யாரும் அப்படி வர முடியாது. கதவு திறக்காது. ப்ரோவா இருந்தாத்தான் திறக்கும்."

"அப்ப எங்க அண்ணன் ஹோம். எல்லார் வீட்டுக்கும் போவார், தன் வீட்டுக்கு ஒருத்தரையும் கூப்பிட மாட்டார்." சொல்லிவிட்டு டமாரம் துள்ளிக் குதித்தான். "அண்ணி! மாட்டிக்கிட்டான்! இதுக்குள்ளே வெளியிலேருந்து வரவே முடியாதுன்னா, வீட்லேருந்து வந்து வரைஞ்சேன்னு சொன்னது பச்சைப் பொய்! முழுப் பூசணிக்காயை முயலுக்குள்ளே மறைக்கப் பாத்திருக்கான்! வாங்க, போய் அமுக்குவோம்!"

"உக்காரு."

அவள் செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டத்தைத் தட்டி, அடியில் இருந்த அபவுட்டுக்குப் போனாள். ஹோம் என்ற வரிக்குச் சற்றுக் கீழே, விண்டோஸ் நிறுவப்பட்ட தேதி இருந்தது. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

"நேத்து துடைச்சு விண்டோஸைப் புதுசா ஏத்தியிருந்தா நேத்துத் தேதிதானே இருக்கணும்?" என்றாள். "அதோட இதைப் பாரு."

திரை மூலையில் ஒரு சீட்டாட்டம். டமாரம் திறந்தான். இதுவரை ஜெயித்த ஆட்டங்கள்: ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

"அடேயப்பா! திருடன் எல்லாத்தையும் துடைச்சுட்டு, தன் பெருமையை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான்."

"ஞாயித்துக்கிழமை மட்டும் வரையுற ஆள் இத்தனை ஆட்டம் ஆடியிருப்பாரா?"

"மாட்டார். அவர் சொல்றது மட்டும் நிஜம்னா, இது அவரோட கம்ப்யூட்டரே இல்லைன்னு ஆயிடும்!" என்று சிரித்தான் டமாரம்.

அண்ணி சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன பிறகுதான், தான் சொன்னது டமாரத்துக்கே உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றுவிட்டான்.

"மூடிக்கோ. ஈ போயிடும்," என்றாள் சல்லடை. "கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போக பாஸ்வேர்ட் எதுக்கு? ஆனா ஒரு சாட்சி வேணும். மாப்பிள்ளை சொன்ன அந்த ஞாயித்துக்கிழமை நிஜமா நடந்துச்சான்னு யாராவது சொல்லணும்."

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு தொப்பி எழுந்தது. வாட்ச்மேன்.

"பிடிச்சுட்டீங்களா?" என்றார் கிசுகிசுப்பாக.

"யாரை?"

"பேயை."

டமாரம் சட்டென்று அண்ணிக்குப் பின்னால் போய் நின்றான்.

"ஞாயித்துக்கிழமை பதினொரு மணி ஆச்சுன்னா, இந்த மெஷின் தானா ஓடும் சார்," என்று வாட்ச்மேன் பிரிண்டரைக் காட்டினார். "பூட்டின ரூம். எட்டிப் பாத்தா ஈ காக்கா இல்லை. கம்ப்யூட்டர் சும்மா மணியைக் காட்டிக்கிட்டு இருக்கும். ஆனா கர்ர்ர்னு பேப்பர் வரும். பேப்பர்ல ஆமை! குறட்டை விடுற ஆமை! ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமையானா நான் வாசல்ல ரேடியோவை அலற விட்டுட்டு உக்காந்திருக்கேன்."

"முதலாளியம்மாகிட்ட சொல்லலையா?"

"ஆமை போடுற பேயைப் பாத்துப் பயந்தேன்னு எப்படிங்க சொல்றது?"

"போன ஞாயித்துக்கிழமையும் வந்துச்சா?" என்று சல்லடை மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்குத்தாங்க ரொம்ப ஆட்டம். பதினொரு பேப்பர்!"

சல்லடையின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை டமாரம் பல தடவை பார்த்திருக்கிறான். அண்ணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது, தனக்கு இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

"அப்ப மாப்பிள்ளை சொன்னது நிஜம்தான் அண்ணி. வெளியிலேருந்து உள்ளே வந்திருக்காங்க. அப்படின்னா நிஜமான கம்ப்யூட்டர் ப்ரோ. யாரோ அதைத் தூக்கிட்டு இந்த ஹோமை வச்சுட்டாங்க!"

"நீ சொல்றதுல முக்கால்வாசி சரி."

"மிச்சக் கால்வாசி?"

"நட. மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர்னு விசாரி."

ஆறு. எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை. ஒரே பிரசவத்தில் பிறந்த ஆறு பிள்ளைகள் மாதிரி, ஒரே கறுப்பு, ஒரே உயரம். ஒன்றில் மட்டும் மாப்பிள்ளை ஆளை வைத்து ப்ரோ ஏற்றியிருந்தான். மணி மூன்று அடிக்கப் பத்து நிமிஷம்.

முதலாளியம்மாவின் அறை: ஹோம். "என்னையே சோதிக்கிறீங்களா?" என்றார். "எல்லாரையும் சலிச்சுட்டுத்தான் கையைக் காட்டுவேன்," என்றாள் சல்லடை.

பேக்கிங் பிரிவு: ஹோம். அங்கே இருந்த மேற்பார்வையாளர் பசை ஒட்டிய விரலோடு பட்டன்களைத் தட்டியதில் ஆர் எழுத்து கையோடு வந்துவிட்டது. ஸ்டோர்: ஹோம். டமாரம் அவசரமாக முயல்களின் மேல் ஏறி இறங்கியதில் மாப்பிள்ளை முழுவதுமாக மூழ்கிப்போனான்.

விற்பனை அறையில் முதலாளியம்மாவின் தம்பி உட்கார்ந்திருந்தார். கதவு திறந்த சத்தத்தில் அவர் திரையை மூடிய வேகம் டமாரத்தின் கண்ணில் பட்டுவிட்டது. பாய்ந்து போய்த் திறந்தான். சீட்டாட்டம்!

"ஆயிரத்து நானூத்துப் பன்னிரண்டு!" என்று கர்ஜித்தான். "எங்கே சார் ஒளிச்சீங்க?"

"எதை?"

"மாப்பிள்ளை மேல உங்களுக்குப் பொறாமைன்னு வாட்ச்மேன் வரைக்கும் தெரியும்!"

"இருந்தா என்னய்யா? வந்த ரெண்டு வருஷத்துல அக்கா அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. அதுக்காகக் கம்ப்யூட்டரையா தூக்குவேன்? எனக்கு முதுகுவலி."

சல்லடை வின்வெர் அடித்தாள். ஹோம். இதுவரை ஜெயித்த ஆட்டங்கள்: மூன்று.

"மூணுதானா?" டமாரத்தின் குரலே இறங்கிவிட்டது.

"சொல்லிடாதீங்க," என்றார் தம்பி பரிதாபமாக. "நூறுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

நடைபாதைக்கு வந்ததும் டமாரம் விரல் விட்டு எண்ணினான். "அஞ்சு முடிஞ்சது. அப்ப ஆறாவது..." நின்றுவிட்டான். "அண்ணி, நாம வாசல் ஏறினதுமே முதல்ல பாத்த கம்ப்யூட்டர்!"

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சோம். வா."

ரிசப்ஷனில் மகள் டெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் ரிசீவரை வைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

சல்லடை எதிரே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "காலையில எங்களுக்குச் சீட்டைப் பென்சில்ல எழுதினியேம்மா. பக்கத்துலயே கம்ப்யூட்டர் இருக்கே, பார்வையாளர் பதிவு அதுல கிடையாதா?"

"இருந்துச்சு மேடம். இன்னைக்கு... ரிப்பேர்."

"ஆயிரத்து நானூறு ஆட்டம் ஜெயிக்கணும்னா, நாள் முழுக்க மேஜையை விட்டு எழுந்திரிக்க முடியாத வேலையா இருக்கணும். அதுவும் தலை நல்லா ஓடுற ஆளா இருக்கணும்." சல்லடை பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஓரத்திலிருந்த குட்டிச் சல்லடை அவர்களைப் பார்த்துக் கண்ணை உருட்டியது. "இதை வரைய எவ்வளவு நேரம் ஆச்சு? நாங்க செருப்பைத் துடைச்சு உள்ளே வர்ற நேரம்தானே?"

மகள் அந்தச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போன ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்காரர் அத்தையோட கண்காட்சியில இருந்தார். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும். அதே நாள் பதினொரு மணிக்கு யாரோ வீட்லேருந்து இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே வந்து பதினொரு பேப்பர் அச்சடிச்சிருக்காங்க. வீட்ல மிச்சம் இருந்தது யாரும்மா?"

டமாரத்துக்கு அந்தக் கால்வாசி இப்போதுதான் விளங்கியது. "ஐயோ!" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டான்.

மகள் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் தானே அழுத்தினாள். வின்வெர் என்று அடித்துவிட்டுத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

ப்ரோ.

"என்னோடதுல இருந்த பதிவையெல்லாம் அழிச்சு அங்கே வச்சுட்டு, இதை நேத்து மத்தியானம் முயல் வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தேன்," என்றாள். "மேலே நாலு முயலைப் போட்டு மூடிட்டேன். யாரும் கேக்கலை. ரிசப்ஷன்காரி எதையாவது தள்ளிக்கிட்டுப் போனா யார் கேக்கப் போறாங்க?"

"ஏம்மா?"

"லேபிள் வந்துச்சு மேடம். நேத்துக் காலையில. ஒவ்வொரு பொம்மை கழுத்துலயும் தொங்கப் போற லேபிள். வடிவமைப்புன்னு போட்டு அவர் பேர். ரெண்டு வருஷமா அவர் சொல்லிடலாம், சொல்லிடலாம்னு கெஞ்சினார். நான்தான் வேணாம்னேன். நான் வரைஞ்சதுன்னு தெரிஞ்சா அம்மா பாக்கவே மாட்டாங்கன்னு பயம். ஆனா அச்சுல பாத்ததும் தாங்கலை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலு மணிக்கு வாங்குறவங்க எல்லாரும் முன்னால உக்காந்திருக்கும்போது படம் இல்லாமப் போகட்டும், அங்கேயே வரையச் சொன்னா அவர் என்னைக் காட்டித்தானே ஆகணும்னு நினைச்சேன். அம்மா அவரைத் திருடன்னு சொல்லி முயலுக்குள்ளே உக்கார வைப்பாங்கன்னு நினைக்கலை. காலையிலேருந்து போய்ச் சொல்லிடலாம்னு எழுந்திரிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இந்தப் போன் அடிக்குது. உக்காந்துடறேன்."

"முதலைக்கு எதுக்குத் தும்மல் வருது?"

கேட்டது சல்லடை இல்லை. பின்னால் முதலாளியம்மா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்குப் பின்னால், தலையிலும் தோளிலும் பஞ்சோடு மாப்பிள்ளை.

மகள் எழுந்து நின்றாள். "பல்லு தேய்க்கும்போது பிரஷ் மூக்குல இடிச்சுடுதும்மா. அதுக்குப் பல்லு ஜாஸ்தி, கை குட்டை."

முதலாளியம்மாவின் உதடு துடித்தது. அது அழுகையா சிரிப்பா என்று டமாரத்தால் சொல்ல முடியவில்லை. அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருஷமா நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க மாப்பிள்ளை?"

"சமைச்சேன் அத்தை."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை அவ வரைவா. நான் சமைப்பேன். எனக்கு நேரா ஒரு கோடு போட வராது அத்தை."

"வாராவாரம் டப்பாவில போட்டு எனக்குக் குடுத்தனுப்பினது?"

"நான்தான்."

"எம் பொண்ணோட கைமணம் யாருக்கும் வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே!"

"தெரியும் அத்தை. எனக்கும் லேசா வருத்தமாத்தான் இருந்துச்சு."

டமாரம் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான். தோள் குலுங்கியது. அண்ணி அவனைக் கிள்ளினாள். கிள்ளிய கையும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே கோட்டுப் போட்ட மூன்று பேர் படியேறினார்கள். வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். மணி நாலாக ஐந்து நிமிஷம்.

முதலாளியம்மா யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியவர் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் போனார். மகளின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினார். அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த பென்சில் கரியைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தார். அது போகும் வரை விடவில்லை.

"முதல்ல ஆமையைக் காட்டு," என்றார். "அதைப் பாத்துத்தான் நான் ரொம்பச் சிரிச்சேன்."

மகள் அம்மாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நடந்தாள். மாப்பிள்ளை குனிந்து ஒயர்களைப் பிடுங்கி, அந்தக் கறுப்புப் பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, தலையிலிருந்து பஞ்சு பறக்க அவள் பின்னாலேயே ஓடினான்.